பத்தாயத்தில் படுத்திருந்த துரையின் குப்பிகள்

நான் இன்றுவரை ஒரு சொட்டு ஒயின் குடித்ததில்லை. ஆனால் ஒயினை வீட்டில் எப்படிப் பாதுகாக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் மூச்சு விடாமல் சொல்வேன். (யாரும் கேட்டதில்லை. எங்கள் பக்கத்தில் யார் கேட்கப் போகிறார்கள்?) குப்பியைப் படுக்க வைக்க வேண்டும். வெளிச்சம் படக் கூடாது. சூடு ஆகாது. அசைக்கக் கூடாது. பக்கத்தில் காரமான வாடை எதுவும் இருக்கக் கூடாது. பிள்ளை பெற்றவளுக்குக்கூட எங்கள் ஊரில் இவ்வளவு பத்தியம் கிடையாது. இந்த ஞானத்தைப் பெறுவதற்குள் ஒரு கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது. அது என் கல்யாணம் என்பதுதான் விசேஷம்.

நாடு சுதந்திரம் அடைந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. மலைமேல் ரப்பர் எஸ்டேட்டுகளில் இருந்த துரைமார்களில் சிலர் இன்னும் கப்பலேறவில்லை. அப்படி ஒரு துரையிடம் நான் ஸ்டோர் குமாஸ்தா. தற்காலிகம். வேலை நிரந்தரமானால்தான் பெண் என்று கொட்டாரம் ஊர்க் கோலப்ப பிள்ளை கறாராகச் சொல்லியிருந்தார். அவர் மகள் செண்பகத்தை சுசீந்திரம் தேரோட்டத்தில் ஒரு தடவை பார்த்திருந்தேன். அன்றிலிருந்து நான் நிரந்தரமாகத் துடித்தேன், இரண்டு வகையிலும்.

ஆவணி மாதம் துரையின் பங்களாவுக்குக் கூரை மாற்ற ஓடுகளைப் பிரித்தார்கள். துரை ஊட்டிக்குப் புறப்பட்டார். போகும்முன் என்னைக் கூப்பிட்டு ஒரு மரப்பெட்டியைக் காட்டினார். உள்ளே வைக்கோலுக்கு நடுவே ஆறு குப்பிகள். கிறிஸ்துமஸ் விருந்துக்காக எங்கிருந்தோ தருவித்தவை.

"பட்லர் குடிக்கும். நீ குடிக்காது. உன் அப்பா குடிக்காது. உன் வீடு பத்திரம்" என்றார். மரம் வெட்டுகிறவர்களிடம் கற்ற தமிழ் அது. பிறகு மேற்படி பத்தியங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். தங்கக் காகிதம் சுற்றிய ஒரு குப்பியை மட்டும் தனியாகத் தொட்டுக் காட்டி, "இது கோபக்காரன். கம்பி போட்டுக் கட்டி வச்சிருக்கு" என்றார். "நான் திரும்பி வந்து பார்க்கும். எல்லாம் சரி என்றால் உன் வேலை நிரந்தரம்."

அது மதுவிலக்குக் காலம். துரையிடம் அனுமதிச் சீட்டு இருந்தது. என்னிடம் இருந்தது ஒரு குடையும் பயமும்தான். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் பெட்டியோடு சேர்ந்து நானும் எழும்பி, அது குலுங்காமல் நான் மட்டும் குலுங்கும் வித்தையை வழியிலேயே கற்றுக்கொண்டேன். பக்கத்தில் இருந்த ஒருத்தி, "உள்ள என்ன மக்கா?" என்று கேட்டாள். விளக்கெண்ணெய் என்றேன். பிள்ளைக்கு வயிறு இறங்கவில்லை, கொஞ்சம் தருவாயா என்றாள். அதற்குப் பிறகு இறங்கும்வரை தூங்குவதுபோல நடித்தேன்.

என் அப்பா வெங்காயம் நறுக்கிய கத்தியைக்கூட மூன்று தண்ணீர் விட்டுக் கழுவச் சொல்லும் சைவர். அவரிடம் சொல்வதற்குப் பதில் மலையிலிருந்து குதிக்கலாம். வீட்டில் இருட்டாக, குளிர்ச்சியாக, யாரும் அடிக்கடி எட்டிப் பார்க்காத இடம் எது? பத்தாயம். ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் எங்கள் பலாமர நெல்பெட்டி. மேலே மூடி, அடியில் நெல்லை வாரி எடுக்க ஒரு சின்னக் கதவு. அப்போது அது காலியாகக் கிடந்தது. வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து உள்ளே இறங்கி, அடியில் வைக்கோல் பரப்பி, ஆறு பேரையும் வரிசையாகப் படுக்க வைத்து, மேலேயும் வைக்கோலால் மூடினேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். (இளமையில் என்னை மெச்ச வேறு ஆள் இல்லை.)

விவசாயி மகனாகப் பிறந்தவனுக்கு ஒரு விஷயம் தோன்றியிருக்க வேண்டும். கன்னிப்பூ, அதாவது முதல் போக நெல், அறுப்புக்கு நாள் நெருங்கியிருந்தது. பத்தாயம் காலியாகக் கிடந்ததே புது நெல்லுக்காகத்தான்.

ஒரு சாயங்காலம் எஸ்டேட்டிலிருந்து வந்தால், அப்பா முகமெல்லாம் தூசியும் சந்தோஷமுமாக நிற்கிறார். பத்தாயம் வாய்வரை நிறைந்திருக்கிறது.

"மழை வருமோன்னு பயந்து அரைக்காய்ச்சலாக் கொட்டியாச்சு" என்றார். "என்னலே மொகம் ஒரு மாதிரி இருக்கு? நெல்லு வந்தா சிரிக்கணும்."

சிரித்தேன். அப்பா போனதும் ஏறி நெல்லுக்குள் கையை விட்டேன். ஈரம் காயாத புது நெல் உள்ளுக்குள் புழுங்கும் என்று படித்தவனுக்கும் தெரியும், படிக்காதவனுக்கும் தெரியும். எனக்கு அன்றுதான் தெரிந்தது. காய்ச்சல்காரன் நெற்றிபோல் சுட்டது. அதற்கு அடியில் துரையின் ஆறு பிள்ளைகள் வேகின்றன. கூடவே என் வேலையும், செண்பகமும். அடிக்கதவைத் தூக்கி எடுக்கலாம் என்றால் நெல் சரிந்து வீட்டையே கூட்டிவிடும்.

இங்கிருந்துதான் என் மூளை கழன்றது. முதலில் மூடியைத் திறந்து வைத்து விசிறினேன். பிறகு சாக்கை நனைத்துப் பிழிந்து நெல்லின் மேல் விரித்தேன். மறுநாள் பிழியாமல் விரித்தேன். பத்தாயத்தை ஒட்டி இருந்த உரலைப் புறவாசலுக்கு உருட்டினேன். உலக்கை போட்டால் தரை அதிருமே.

அம்மா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"என்னத்துக்குலே உரலத் தள்ளுகே?"

"காத்தாட இருந்து இடிக்கலாம்லாம்மா."

"இருவத்தஞ்சு வருசமா இல்லாத காத்து இப்ப எனக்கு என்னத்துக்கு? பெருங்காய டப்பாவ எங்க கொண்டு வச்சே?"

"தொழுவத்துல."

"மாட்டுக்கு ரசம் வைக்கியா?"

பத்தாயத்துக்கு நான் விசிறுவதை ஒருநாள் அவள் கதவிடுக்கில் பார்த்துவிட்டாள். சத்தம் போடவில்லை. நேரே அப்பாவிடம் போய், "நம்ம பயலுக்கு வெப்ராளம் கூடிப்போச்சு. சீக்கிரம் அந்தக் கொட்டாரத்துக் காரியத்த முடிச்சிருவோம்" என்றாள். வெப்ராளம் என்றால் மனம் கிடந்து அடித்துக்கொள்வது. அவள் சொன்னது சரிதான். மருந்துதான் தப்பு. வேலை நிரந்தரமாகும்வரை காத்திருக்க வேண்டாம், வீட்டையாவது வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்று அப்பா சொல்லி அனுப்பிவிட்டார்.

கோலப்ப பிள்ளை வெள்ளை வெளேரென்ற வேட்டியில் வந்தார். கூடவே அவருடைய அக்காள். அந்த அத்தைக்கு வெற்றிலை ஒரு கன்னத்திலும் பேச்சு மறு கன்னத்திலும் எப்போதும் இருக்கும். காப்பி குடித்தார்கள். தென்னை, மாடு, கிணறு எல்லாம் பார்த்தார்கள். பிறகு கோலப்ப பிள்ளை துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, "பத்தாயத்தக் காட்டும்வே" என்றார்.

நாஞ்சில் நாட்டில் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல்கூடப் பெண் கொடுப்பார்கள். பத்தாயத்தைப் பார்க்காமல் கொடுக்க மாட்டார்கள். இதுவும் எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும்.

அவர் ஏணி வைத்து ஏறினார். மூடியைத் திறந்தார். ஈரச் சாக்கை விரல் நுனியால் தூக்கினார்.

"என்னவே, நெல்லு மொளச்சுக் கெடக்கு?"

என் சாக்குத் தண்ணீரில் மேல் நெல் பச்சைப் பசேல் என்று நாற்றங்கால்போல் எழும்பியிருந்தது. அப்பா என்னைப் பார்த்தார். நான் உத்தரத்தைப் பார்த்தேன்.

கோலப்ப பிள்ளை இறங்கினார். "மேலயே இப்பிடின்னா கீழ எப்பிடியோ? மூத்தவளக் குடுத்த வீட்டுல மேல நெல்லும் கீழ பதருமா வச்சு என்ன ஏமாத்தினானுவ. இனி ஏமாற மாட்டேன்" என்று குனிந்து அடிக்கதவைத் தூக்கினார்.

நெல் சரசரவென்று சரிந்தது. நல்ல நெல். அவர் முகம் தெளியத் தொடங்கியது. அப்போது நெல்லோடு நெல்லாக, தலைப்பிரசவத்துப் பிள்ளைபோல, தலையை முன்னே நீட்டிக்கொண்டு ஒரு குப்பி வழுக்கி வந்து அவர் காலடியில் படுத்தது. தங்கக் காகிதம் மின்னியது. ஆறு பேரில் கோபக்காரன்.

எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்தார். "இது என்ன சாதனம்? கம்பியெல்லாம் போட்டுல்லா கெட்டிருக்கு" என்று காகிதத்தைக் கிழித்துக் கம்பியை முறுக்கிக் கழற்றினார். பிறகு, உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, சந்தையில் தேங்காய் வாங்குகிறவர் செய்வதுபோல அதைக் காதருகே வைத்துக் குலுக்கினார்.

அந்த இடத்தில் புத்தியுள்ளவன் என்ன செய்வான்? எனக்கு எதுவும் தெரியாது என்று நிற்பான். நான் ஓடிப்போய், "மாமா, குலுக்காதிய. நிமித்தாதிய. படுக்கப் போட்டுப் பிடிங்க. சூட்டுல இருந்து எடுத்தா கொஞ்சம் ஆற விடணும்" என்று அலறினேன். முப்பது வருஷம் சாராயக்கடை நடத்தியவன்கூட அவ்வளவு அக்கறையாகப் பேசியிருக்க மாட்டான்.

டப் என்றது. தக்கை அவர் காதை உரசிப் போய் மோட்டில் அடித்து, அங்கே அடைந்திருந்த புறாக்களைக் கலைத்தது. நுரை பொங்கி அவர் நெற்றித் திருநீற்றைக் கழுவி, மீசை வழியாக வேட்டிக்கு இறங்கியது. அவர் நாக்கு தன்னை அறியாமல் வெளியே வந்து மீசையை ஒரு தடவை துழாவிவிட்டு உள்ளே போயிற்று.

"ஏலே" என்றார் அப்பா.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். துரை, ஊட்டி, கூரை, பட்லர், பஸ், விளக்கெண்ணெய் என்று எல்லாவற்றையும் தலைகீழாகச் சொன்னேன். இன்னும் ஐந்து உள்ளே கிடக்கின்றன என்பதையும், கேட்காமலே சொன்னேன்.

கோலப்ப பிள்ளை வேட்டியை உதறினார். "குடிகாரப் பயலுக்கு எம்புள்ளையக் குடுக்க மாட்டேன். எழும்பு அக்கா, போவோம்."

அத்தை எழும்பவில்லை. வெற்றிலையை ஓரம் கட்டிவிட்டுச் சொன்னாள்: "நில்லுடே. குடிகாரன் வீட்டுல காலிக் குப்பிதான் கெடக்கும். நெறஞ்ச குப்பி கெடக்குமா? ஏ மாப்ள, அந்த அஞ்சையும் எடு."

எடுத்து வைத்தேன். படுக்க வைத்துத்தான். அவள் ஒவ்வொன்றாக வாயைத் தடவிப் பார்த்தாள். ஒன்றிலும் முத்திரை உடையவில்லை.

"இத்தன நாளா பக்கத்துலயே இருந்து, தொறக்காம, விசிறி விட்டுட்டு இருந்திருக்கான். இவன் கிறுக்கன். கிறுக்கனுக்குக் குடுக்கலாம், சொன்ன பேச்சுக் கேப்பான்." பிறகு தம்பியின் மீசையைக் கூர்ந்து பார்த்தாள். "இன்னைக்கு இந்த வீட்டுல குடிச்சவன் நீ ஒருத்தன்தான். கொட்டாரத்துல போய் நானே சொல்லணுமா, இல்ல காரியத்தப் பேசி முடிப்போமா?"

கோலப்ப பிள்ளை துண்டால் மீசையை அழுத்தித் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். "குப்பிய விடும். நெல்ல மொளைக்க விட்டானே, அதுதான் எனக்கு மனசு ஆறல்ல" என்றார். காரியம் முடிந்தது. ஒரே ஒரு நிபந்தனை, வேலை நிரந்தரமாக வேண்டும்.

துரை வந்தார். ஐந்து குப்பிகளையும், ஆறாவதின் கதையையும் ஒப்படைத்தேன். ஒன்றைத் திறந்து ஒரு வாய் குடித்தார். அவர் முகம் புளியங்காயைக் கடித்த குழந்தையின் முகம்போல் சுருங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவர் மேஜையில் குத்திக் குத்திச் சிரித்துக்கொண்டிருந்தார். மாமனார் தேங்காய்போல் குலுக்கிய இடத்தை மட்டும் மறுபடி சொல்லச் சொன்னார். நடித்தும் காட்டினேன். கிறிஸ்துமஸ் விருந்தில் ஒயினுக்குப் பதில் அந்தக் கதையைத்தான் பரிமாறினார் என்று பட்லர் சொன்னான். வேலை நிரந்தரமாயிற்று. ஆனால் ஸ்டோரில் வேண்டாம், எதையும் பாதுகாக்கத் தேவையில்லாத இடத்தில் போடுங்கள் என்று உத்தரவு. ரப்பர்ப் பால் அளக்கும் கொட்டகைக்குப் போனேன்.

அந்தக் கோபக்காரனின் காலிக் குப்பியை அம்மா சாம்பல் போட்டுத் தேய்த்து நல்லெண்ணெய் ஊற்றி வைத்தாள். இப்போதும் அது எங்கள் அடுக்களையில்தான் நிற்கிறது. நான் அந்தப் பக்கம் போனால் செண்பகம், "குப்பி நிமிந்து நிக்கு, படுக்க வைக்கட்டா?" என்பாள்.

என் மாமனார் அதற்குப் பிறகு தேங்காயைக் குலுக்கிப் பார்த்து வாங்கியதே கிடையாது. கடைக்காரன் எதை எடுத்துக் கொடுத்தாலும் சரி. எங்கள் வீட்டில் யாராவது தேங்காயைக் காதருகே கொண்டுபோனால், பேரப்பிள்ளை உட்பட எல்லோரும் ஓரடி பின்வாங்கி நின்றுகொள்கிறோம். யார் முதலில் பின்வாங்கினார்கள் என்பதில் சண்டை வரும். எப்போதும் நான்தான்.