காலி ஃபைலும் காக்காவின் வஞ்சிரமும்

அரபு நாட்டில், அல் கூஸில் எங்கள் மீன் குடோன். ஃப்ரீஸர் ரூமுக்குள் போய்த் தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு, முருகன் அண்ணன் பல் தந்தியடிக்க வெளியே வந்தபோதுதான் எனக்கு அந்தப் பாழாய்ப்போன யோசனை உதித்தது. ஒரு சென்சார், ஒரு பழைய லேப்டாப், குளிரின் அளவை நிமிடத்துக்கு ஒரு வரி எழுதும் ஸ்கிரிப்ட். போதாதா?

காலையில் ஓட்டிப் பார்த்தேன். திரையில் வரி வரியாக வந்தது. பிறகு கெத்தாக அதைப் பின்னணியில் ஓடவிட்டு, வரிகள் ஒரு ஃபைலில் விழும்படி செய்துவிட்டு, பழைய தெர்மாமீட்டரைக் குப்பையில் வீசினேன். (அப்போதே யாராவது என்னை ஓங்கி அறைந்திருக்கலாம்.)

மத்தியானம் புஜைராவிலிருந்து முதலாளியின் போன். கீழக்கரைக்காரர்; அந்த ஊரில் அண்ணனை அழைப்பதுபோல் எங்களுக்கெல்லாம் காக்கா.

"தம்பி, நாளைக்குக் கல்யாண ஆர்டர். வஞ்சிரம் பூரா உள்ள கெடக்கு. குளிர் எப்படி?"

ஃபைலைத் திறந்தேன். காலி. ஓர் எழுத்துகூட இல்லை.

"ஃப்ரீஸர் செத்துருச்சு காக்கா!"

"மோட்டர் சத்தம் கேக்குதேடா" என்றார் அண்ணன்.

"சத்தம் வரும்ணே, குளிர் வராது. யல்லா, மீனைத் தூக்குங்க!"

கதவைத் திறந்ததும் ஐஸ் புகை முகத்தில் அடித்தது.

"குளிருதேடா!"

"அது மிச்சமிருக்கிற குளிர்ணே!"

கதவை அகலத் திறந்துவைத்து, பெட்டிகளை ஐஸ் வேனில் ஏற்றினோம். வெயிலில் ஐஸ் உருகி வேன் ஒழுகியது. பாதி ஏற்றிவிட்டு லேப்டாப்பைப் பார்த்தால், ஃபைல் நிரம்பிக் கிடக்கிறது! மைனஸ் பதினெட்டு, மைனஸ் பதினெட்டு என்று பக்கம் பக்கமாக. கடைசி வரிகளில் மட்டும் மைனஸ் பத்து, மைனஸ் மூன்று, பிளஸ் நான்கு. நாங்கள் கதவைத் திறந்த பிறகு!

அடப்பாவி ஸ்கிரிப்டே! திரை என்றால் உடனுக்குடன் சொல்லுமாம். ஃபைல் என்றால் ஒரு மூட்டை சேரும்வரை பஃபர் என்ற தற்காலிக இடத்தில் அமுக்கிவைத்து, மொத்தமாகக் கொட்டுமாம். எந்தப் புண்ணியவான் செய்த ஏற்பாடு இது? இங்கே செத்த மீன் இரண்டாவது முறை சாகிறது! ஓட்டும்போது கட்டளையில் ஓர் எழுத்தைக் கூடச் சேர்த்திருந்தால் உடனுக்குடன் எழுதியிருக்குமாம். அதை ஒரு பயலும் முன்கூட்டிச் சொல்லவில்லை. நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

கல்யாணத்துக்குக் கோழி போனது. உருகிப்போன வஞ்சிரம் அன்றே எங்கள் தொழிலாளர் கேம்ப் முழுக்கக் குழம்பானது. சாயங்காலம் காக்கா வந்து, ஒரு தட்டு வழித்துச் சாப்பிட்டுவிட்டு என்னை முறைத்தார்.

"உன் வேலை கலாஸுன்னு சொல்லத்தான் வந்தேன். குழம்பு நல்லாருக்கு. பொழச்சுப்போ."

இன்றும் ரூமில் நான் பதில் சொல்லக் கொஞ்சம் தாமதித்தால் போதும், "என்னடா, மூட்டை சேரலையா?" என்கிறார்கள்.

அடுத்து அலாரம் வைக்கப்போகிறேன். குளிர் குறைந்தால் தெருவே அலறும். அண்ணனிடம் சொன்னேன். அவர் புதிதாக வாங்கிய தெர்மாமீட்டரைத் துடைத்தபடி சொன்னார்:

"தாராளமா வையி. கதவுச் சாவி மட்டும் என்கிட்ட இருக்கட்டும்."