தேவாங்கு கண்டுபிடித்த விடை

ஒரு காட்டில் ஒரு தேவாங்கு இருந்தது. பிறவியிலேயே ஒல்லி. இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்குவதற்குள் இன்னும் வற்றி, கண்கள் மட்டும் மிஞ்சின. பட்டம் வாங்கியவர்களுக்கு வேலை தராமல், மேலும் ஆராய்ச்சி செய்ய மட்டும் அனுமதிப்பது அந்தக் காட்டின் பெருந்தன்மை. அதற்குப் போஸ்ட்டாக் என்று பெயர்.

தேவாங்கு பேராசிரியர் உடும்பிடம் போஸ்ட்டாக் சேர்ந்தது. பிடித்த நாற்காலியை விடாத உடும்பு அது. காட்டுத்தீ எப்படிப் பரவும் என்று கம்ப்யூட்டரில் கணக்கிட வேண்டும். ஒப்பந்தம் ஆண்டுதோறும் நீளும், நீளாமலும் போகும். மனைவி கர்ப்பமாக இருந்ததால், அது நீள வேண்டுமே என்பதுதான் தேவாங்கின் ஒரே கவலை.

ஒருநாள் விடை கிடைத்துவிட்டது. தேவாங்கு வாழ்நாளில் முதல்முறையாக ஓடியது.

"சார், இந்தக் கோடையில மேற்குச் சரிவு மூங்கில்லதான் தீப்பிடிக்கும். குறுக்கால ஒரு பாதை அளவுக்குச் சருகைக் கூட்டித் தள்ளிட்டா போதும், தீ காட்டுக்குள்ள வராது!"

உடும்பின் முகம் செத்துப்போனது.

"உன்கிட்ட யாருய்யா விடை கேட்டது? ஆராய்ச்சிக்குத்தான் ராஜா நிதி கொடுக்கிறாரு. விடை வந்துட்டா அடுத்த வருஷம் எதுக்குக் கொடுப்பாரு?"

"காடு எரிஞ்சிடுமே சார்?"

"உன் பொண்டாட்டிக்கு இது எத்தனாவது மாசம்?"

தேவாங்கு திரும்பிப் போய்க் கட்டுரையில் விடையை அழித்துவிட்டு, "மேலும் ஆய்வு தேவை" என்று எழுதியது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் ஒப்பந்தம் நீண்டது.

கோடையில் மேற்குச் சரிவு மூங்கில் பற்றிக்கொண்டது. கம்ப்யூட்டர் காட்டிய வழியிலேயே தீ வந்தது. தேவாங்கின் மரமும் போனது. தப்பித்தவை ஆற்று மணலில் கூடி நின்றன.

"ஏய்யா, இத்தனை வருஷமா என்னத்தய்யா ஆராய்ச்சி பண்ணீங்க?" என்று சிங்கம் உறுமியது.

உடும்பு துளியும் அசரவில்லை. "ராஜா, எங்க கம்ப்யூட்டர் மாடல் எவ்வளவு துல்லியம்னு தீயே வந்து நிரூபிச்சிருச்சு பாருங்க!"

சிங்கத்துக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாததால் மரியாதை பிறந்தது. 'எரிந்த காடுகள் ஆய்வு மையம்' என்று ஒன்றைத் தொடங்கி, உடும்பையே இயக்குநராக்கியது. எல்லா விலங்குகளும் இருமிக்கொண்டே கைதட்டின.

எரிவதற்குக் காடு மிச்சமில்லாததால் பழைய திட்டம் மூடப்பட்டது. தேவாங்கின் ஒப்பந்தமும் அதோடு முடிந்தது. அது புதிய மையத்துக்கு விண்ணப்பித்து நேர்காணலுக்குப் போனது. மனைவி கைக்குட்டியோடு வெளியே வெயிலில் காத்திருந்தது.

உடும்பு தேவாங்கை முன்பின் பார்த்தறியாததுபோல் கேட்டது. "எரிந்த காட்டுல எத்தனை வருஷம் அனுபவம்?"

"காடு போன வாரம்தானே சார் எரிஞ்சுது?"

"நாங்க அஞ்சு வருஷம் கேட்டிருக்கோம். விளம்பரத்தைப் படிச்சுட்டு வரமாட்டியா தம்பி? சரி, அடுத்த ஆளை வரச்சொல்லு."

நீதி: தெரிந்த விடையை வெளியே சொல்லாமல் விழுங்கினால் வேலை நிரந்தரமாகும். உங்களுக்கு அல்ல, உங்கள் பேராசிரியருக்கு.