சலவை நோட்டு

மனிதனுக்கு முழங்கையும் முழங்காலும் வைத்ததுதான் கடவுள் செய்த ஒரே தப்பு என்று நம்பிய ஒரே ஆள் எங்கள் பெரம்பலூர் கஞ்சி. மடங்குகிற இடத்தில்தானே துணி கசங்குகிறது!

எழுபதுகளின் கடைசியில் தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சலவைக் கடையின் மாடியில் அறை எடுத்தேன். கீழே கடை. கடைக்குப் பின்னால் ஒற்றை அறையில் கடைக்காரர். கல்யாணம் கட்டாதவர். போர்டில் ‘சலவை நிலையம்’ என்று மட்டும் எழுதியிருக்கும். அவருடைய பெயரை நான் கடைசிவரை கேட்கவே இல்லை. ஊருக்கே அவர் கஞ்சி. அவர் கஞ்சி போட்ட சட்டையை ஆணியில் மாட்ட வேண்டாம், சுவரோரமாக நிறுத்தி வைத்தால் போதும்.

குரும்பலூர் மாப்பிள்ளை ஒருவருக்கு முகூர்த்தச் சட்டை தேய்த்துக் கொடுத்தார். மணவறையில் கை மடங்கவில்லை. கெட்டி மேளம் என்று கத்துகிறார்கள். மாப்பிள்ளை தூக்கத்தில் நடப்பவரைப் போல இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தாய்மாமன் கத்தரிக்கோலைத் தேடி எடுத்து வந்து சட்டையின் கைகளை வெட்டிய பிறகுதான் தாலி ஏறியது. மறுநாள் சண்டைக்கு வந்தார்கள். கஞ்சி அந்த மொட்டைச் சட்டையை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, “அவ்ளோ வேர்வையிலயும் வெறப்பு போவல பாத்தீங்களா?” என்று அவர்களிடமே பாராட்டை எதிர்பார்த்தார்.

பேப்பரைத் தேய்த்துவிட்டுத்தான் படிப்பார். ஒருமுறை எனக்கு வந்த தந்தியையும் தேய்த்துக் கொடுத்தார். அப்பாவுக்கு உடம்பு மோசம் என்ற செய்தி சுடச்சுட வந்தது. (அப்பா பிழைத்துக்கொண்டார்.)

அப்படிப்பட்டவருக்குத்தான் ஒரு பிஸ்கட் டின் நிறையப் பழைய ரூபாய் நோட்டுகள் சொத்தாக வந்தன. கப்பலில் சமையல்காரராக இருந்த சித்தப்பா, போன துறைமுகத்தில் எல்லாம் ஒன்றிரண்டு நோட்டை எடுத்து வைத்திருக்கிறார். பர்மா, மலேயா, சிலோன், ஜார்ஜ் மன்னர் தலை போட்டது என்று நாற்பத்திரண்டு. கடைசிக் காலத்தில் அவரை வைத்துப் பார்த்துக்கொண்டவள் கஞ்சியின் தங்கை அஞ்சலை. புருஷனை இழந்தவள். அரியலூர் ரயிலடிக்கு எதிரே வாடகைக்கு ஒரு இட்லிக் கடை நடத்திக்கொண்டிருந்தாள்.

சித்தப்பாவின் காரியம் முடிந்ததும் அண்ணனும் தங்கையும் உட்கார்ந்து ‘உனக்கொண்ணு, எனக்கொண்ணு’ என்று பிரித்துக்கொண்டார்கள். அஞ்சலை பங்கில் ஒரு விசித்திரம் விழுந்தது. இரண்டரை ரூபாய் நோட்டு.

“அண்ணே, இது கள்ள நோட்டாட்டம் இருக்கு. மாத்திக் குடு.”

“விழுந்தது விழுந்ததுதான்.”

அந்தச் சமயம் பார்த்து இட்லிக் கடையின் சொந்தக்காரர் இடத்தை விற்கப் போவதாகச் சொல்லிவிட்டார். தை மாதத்துக்குள் மூவாயிரம் கொடுத்தால் அஞ்சலைக்கே. இல்லாவிட்டால் காலி செய்ய வேண்டியதுதான். நோட்டுகளை விற்றுத் தரும்படி தன் பங்கையும் அண்ணனிடமே கொடுத்து அனுப்பினாள்.

“எனக்கெதுக்கு சார் காசு? ரெண்டு பங்கும் அவ கடைக்குத்தான்” என்றார் கஞ்சி. இருந்தாலும் இரண்டையும் தனித்தனி மூட்டையாகத்தான் கட்டி வைத்தார். ரெண்டு வூட்டுத் துணியைக் கலக்கக் கூடாதாம்.

முதலில் பேங்குக்குப் போனோம். கேஷியர் இரண்டரை ரூபாய் நோட்டைப் பார்த்துச் சிரித்தார். “ரெண்டரை ரூவாய்க்கு எவன்யா நோட்டு அடிப்பான்? இது கள்ள நோட்டு.”

“கள்ள நோட்டு அடிக்கிறவன் பத்து ரூவா அடிப்பானா, ரெண்டரை ரூவா அடிப்பானா சார்?” என்று கஞ்சி கேட்டார். கேஷியர் இன்னும் அதற்குப் பதில் யோசித்துக்கொண்டிருக்கலாம்.

அப்புறம் கஞ்சி தானே விலை போட ஆரம்பித்தார். சித்தப்பா காலத்தில் அஞ்சு ரூபாய்க்கு ஒரு ஆடு. ஆகவே அஞ்சு ரூபாய் நோட்டு இன்றைக்கும் ஒரு ஆடு. இப்படியே கணக்குப் போட்டு டின்னுக்குள் நூற்றுப்பத்து ஆடுகளை அடைத்துவிட்டார்.

நான் விசாரித்து, திருச்சியில் பழைய நோட்டு, நாணயம் வாங்கி விற்கும் பாய் ஒருவருக்குக் கடிதம் போட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். தும்பைப்பூ ஜிப்பா, கையில் பூதக்கண்ணாடி.

“ஆட்டுக் கணக்குல நூத்திப்பத்து ஆவுது பாய்.”

“நான் பிரியாணிக் கடை வைக்கலீங்களே” என்று சொல்லிக்கொண்டே பார்த்துவந்த பாய், இரண்டரை ரூபாய் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். “மாஷா அல்லாஹ்! வெள்ளக்காரன் மொத யுத்தத்தப்ப அடிச்சது. கொஞ்ச நாள்தான் ஓடுச்சு. கண்ணுல பாக்குறதே அபூர்வம்.”

அஞ்சலை பங்குக்கு இரண்டாயிரம், கஞ்சி பங்குக்கு ஆயிரம் என்று விலை சொன்னார். கச்சிதமாக மூவாயிரம். அடுத்த ஞாயிறு பணத்தோடு வருவதாகச் சொல்லிப் படியிறங்கியவர், வாய் சும்மா இருக்காமல் ஒன்று சொன்னார்: “எல்லாம் கசங்கிக் கெடக்கு. சலவை நோட்டா இருந்தா டபுளாவே குடுப்பேன்.”

புது நோட்டைச் சலவை நோட்டு என்று சொல்வது ஊர் வழக்கம். ஆனால் ‘சலவை நிலையம்’ என்ற போர்டுக்குக் கீழே நின்று சொல்லலாமா?

அந்த வாரம் ஆபீஸ் வேலையாக ஜெயங்கொண்டத்தில் மாட்டிக்கொண்டேன். சனிக்கிழமை மாலை திரும்பி வந்தால், கடைக் கொடியில் வரிசையாக மன்னர்கள் தொங்குகிறார்கள். இடுப்பில் கிளிப். சோடா உப்பில் ஊறி, சவுக்காரத்தில் குளித்து, நீலத்தில் முங்கி, கஞ்சியில் எழுந்து, சூட்டில் தேய்ந்திருந்தார்கள். பர்மா நோட்டின் நம்பர் எங்கேயோ போய்விட்டது. ஜார்ஜ் மன்னரின் முகம் கிருஷ்ணர் நிறத்துக்கு வந்திருந்தது.

“டபுளு சார்!” என்றார் கஞ்சி. “கடைக்குப் போவ மிச்சத்துல அஞ்சலைக்குப் பெரிய இட்லிக் குண்டான் ஒண்ணு எடுக்கணும்.”

மறுநாள் பாய் வந்தார். கொடியைப் பார்த்தார். “யா அல்லாஹ்!” என்று பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

“நீங்கதான பாய் சலவை நோட்டு கேட்டீங்க?”

“அது புது நோட்டுங்க! இதைச் சீண்டக் கூடாதுங்க! பழசு பழசா இருந்தாத்தாங்க வெல!” பாய் கொடி முழுக்கத் தேடினார். “அந்த ரெண்டரை ரூவா? அதையும் தொவச்சுட்டீங்களா?”

கஞ்சிக்குக் கோபம் வந்துவிட்டது. “அது அஞ்சலையோடது பாய்! அடுத்த வூட்டுத் துணியைக் கேக்காம தண்ணியில போட்டா அது தொழிலா? தொவைக்கலாமான்னு கேட்டு திங்கக்கிழமையே கார்டு போட்டேன். இன்னும் பதில் வரல.”

மூட்டையை அவிழ்த்தார். அஞ்சலையின் இருபத்தொரு நோட்டுகளும் பழைய அழுக்கோடு பத்திரமாக இருந்தன. பாய் அந்த இரண்டரை ரூபாயைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இரண்டாயிரத்தை எண்ணி வைத்தார். துவைத்த மன்னர்களுக்கு ஒரு பைசாகூடப் பெயரவில்லை. கஞ்சி அவர்களைக் கொடியிலிருந்து இறக்கி, கசங்காமல் அடுக்கி வைத்தார். பிறகு, “பாய், ஜிப்பா பின்னால கசங்கியிருக்கு. கழட்டிக் குடுங்க” என்றார்.

திங்கட்கிழமை தபாலில் அஞ்சலையின் கார்டு வந்தது: ‘உன் இஷ்டம் அண்ணே. நல்லா வெளுத்துடு.’ கடைக் கும்பலில் அவளுக்கு எழுத ஒழியாமல் போனதற்கு நான் மனதாரக் கும்பிடு போட்டேன்.

அன்று சாயங்காலமே இருவரும் அரியலூர் போனோம். ரயிலடி எதிரில் கஞ்சி பணத்தைத் தங்கை கையில் வைத்தார். மூவாயிரம்! நான் வாயைத் திறப்பதற்குள் என் காலை மிதித்தார்.

“உன் நோட்டும் போச்சாண்ணே?”

“ஆயிரத்துக்குப் போச்சு.”

“உன் காசு எனக்கெதுக்கு?”

“ஆயுசுக்கும் இட்லி போடு. சட்னி கெட்டியா இருக்கணும்.”

அஞ்சலை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கைக்கு ஆறு இட்லி வைத்தாள்.

திரும்பும் பஸ்ஸில் கேட்டேன். “அந்த ஆயிரம் ஏது?”

“கரண்டுப் பெட்டி வாங்கி வச்சுத் தேய்க்கலாம்னு சேத்து வச்சிருந்தேன் சார். கரிப் பெட்டி என்ன, கசக்குதா?”

“அதுக்காகத் தங்கச்சிகிட்ட பொய் சொல்லலாமா?”

“எது பொய்? என் நோட்டு ஆயிரம் பெறும்னு பாய் சொன்னாரா இல்லியா? தொவைக்கிறதுக்கு முந்தி சொன்னாரு. அவ்ளோதான் வித்தியாசம்.”

சொல்லிவிட்டு, ஊர் எல்லை தாண்டுவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். குண்டும் குழியுமான ரோடு. பெரம்பலூர் வருகிறவரை நான் அசையவே இல்லை.