மனம் நோகாத மென்பொருள்

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது, கடைசியில் 'மனம் நோகாத மென்பொருளை'யும் கண்டுபிடித்துவிட்டது. இந்தக் கடைசிப் பெருமை மூன்றாம் மாடி அலுவலகம் ஒன்றுக்கே சேரும்.

அங்கே தயாரானது, வேறு யாரும் படிக்க முடியாதபடி கோப்புகளைப் பூட்டும் மென்பொருள். எந்த முறையில் பூட்டுவது என்று பெயரைச் சொன்னால் பூட்டி, இணையத்தில் ஏற்றிக் கொடுக்கும். கேள்விப்படாத பெயரைச் சொன்னால், 'இந்த முறை எனக்குத் தெரியாது' என்று சிவப்பு எழுத்தில் காட்டி வேலையை நிறுத்திவிடும். இந்த முரட்டுக் குணம் அதை எழுதிய பெண்ணிடமிருந்து ஒட்டிக்கொண்டது என்பது மேலாளரின் ஆழ்ந்த கருத்து.

சிவப்பு எழுத்தைக் கண்டு வாடிக்கையாளர்கள் முகம் சுளிக்கவே, 'உயர்மட்டக் கூட்டம்' கூடியது. இரண்டு மணி நேரம், மூன்று சுற்று டீ. மேலாளர் அதை எழுதிய பெண்ணிடம் குழைவாகக் கேட்டார்.

"நம்மளைத் தேடி வந்தவங்க மூஞ்சிக்கு நேரா தெரியாதுன்னு சொல்லலாமாம்மா?"

"சொல்லலைன்னா ஃபைல் பூட்டாமலே போயிடும் சார்."

"போகட்டுமே. பச்சை டிக் போட்டு அனுப்புங்க. சந்தோஷமா இருக்கட்டும்."

அவளுடைய அக்கா மனநல சிகிச்சை எடுக்கும் மருத்துவமனையும் இதே மென்பொருளைத்தான் வாங்கியிருந்தது. அந்த விஷயம் தங்கையான இவளைத் தவிர ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. ஆனால் இவளுடைய வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் மேலாளர் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. எந்தப் பெயர் வந்தாலும் பச்சைக் குறி விழும்படி மாற்றிக் கொடுத்தாள். கடிதத்தில் கையெழுத்தும் விழுந்தது.

அதன் பிறகு புகார் என்ற பேச்சே இல்லை. 'பிழையற்ற காலாண்டு' என்று கேக் வெட்டினார்கள்.

அதே மாதம் மருத்துவமனைக்காரர்கள், இன்னும் பத்திரமாக இருக்கட்டும் என்று, புதிதாக வந்த ஒரு பூட்டு முறையின் பெயரைக் கொடுத்தார்கள். மென்பொருள் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை. ஆனாலும் முகம் கோணாமல் பச்சைக் குறி போட்டு, நோயாளிகளின் குறிப்புகளைத் திறந்தபடியே இணையத்தில் ஏற்றிவிட்டது. ஒரே வாரத்தில் அக்காவின் அலுவலகமே அவளுடைய குறிப்புகளை வரிவிடாமல் படித்து முடித்தது.

விசாரணைக் குழு மென்பொருளை மனமாரப் பாராட்டியது: 'எந்நிலையிலும் பிழை தெரிவிக்கவில்லை.' அந்த அறிக்கையை எடுத்துக்கொண்டு அவள் அக்காவிடம் போனாள். யார் மேலும் தப்பில்லையாம், மெஷின்தான் ஏமாந்துவிட்டதாம் என்று ஆறுதல் சொன்னாள்.

அக்கா நிதானமாகப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"பூட்டாததைப் பூட்டிட்டேன்னு சொல்ல மெஷினுக்குத் தானா வராதுடி. யாராவது உக்காந்து சொல்லிக் குடுத்திருக்கணும். நீதானே?"