சக்கரத்துக்கு முன்னால் நான் வைத்த எலுமிச்சம்பழம்

'விமானத்தைக் கீழே தள்ளியவள்' என்றுதான் எங்கள் சொந்தக்காரர்கள் என்னைப் பற்றிச் சொல்வார்கள். மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த விமானம் அப்போது பறந்துகொண்டிருக்கவில்லை, கொட்டகைக்குள் நின்றுகொண்டிருந்தது, ஒரு சாண் உயரத்திலிருந்துதான் விழுந்தது என்பதை மட்டும் ஒருவரும் சேர்த்துச் சொல்வதில்லை.

என் வீட்டுக்காரர் குணாவுக்கு நீலாய் ஊரில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பழுதுபார்க்கும் வேலை. வீட்டுக்கு வந்தால் விமானம் கட்டும் வேலை. இரண்டு பேர் உட்காரக்கூடிய ஒரு குட்டி விமானத்தை எங்கள் கார் நிறுத்தும் இடத்திலேயே ஏழு வருஷம் கட்டினார். கார் வெயிலில் காய்ந்தது. ஒரு தீபாவளிக்கு வந்த விருந்தாளிகள், கூடத்தில் கிடந்த இறக்கைக்கு அடியில் குனிந்து போய் முறுக்கு தின்றார்கள். கடைசியில் அதை லோரியில் ஏற்றி, லாபு பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் இருந்த தகரக் கொட்டகையில் கொண்டுபோய் வைத்தார். அங்கே ஓடுதளம் என்று சொல்லப்படும் ஒரு நீளமான புல்வெளி உண்டு. ஞாயிறுதோறும் பறந்தார். நான்கு வருஷமாக நான் அதில் ஒரு கால்கூட வைக்கவில்லை.

(பாதி பயம். மீதி, என்னைவிட அதைத்தான் அதிகம் தொட்டுப் பேசினார் என்ற எரிச்சல். ஒரு தகரப் பெட்டியோடு சக்களத்திச் சண்டை போட்டவள் இந்த நாட்டில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.)

மகள் மேற்படிப்புக்குக் கோலாலம்பூர் போனதும் வீடு வெறிச்சோடிவிட்டது. ஒருநாள் சாப்பாடு போட்டுக்கொண்டே சொல்லிவிட்டேன்.

"வர்ற ஞாயித்துக்கெழம நானும் வர்றேங்க."

பிசைந்த சோறு அவர் கையிலேயே நின்றது. மறுநாள் காலையில், "பிளேனுக்கு டயர் மாத்தணும்" என்றார். பதினோரு வருஷம் கழித்து மனம் இறங்கி வந்தவளுக்குக் கிடைத்த பதில் இது! இரண்டு நாள் நான் சரியாகப் பேசவில்லை.

ஆனாலும் சனிக்கிழமை நானும் கூடப் போனேன். என் அப்பா தோட்டத்தில் லோரி ஓட்டியவர். புது டயர் போட்டால் எலுமிச்சம்பழத்தை நசுக்காமல் எங்கள் வீட்டில் எந்த வண்டியும் நகராது. என் மகளின் மூன்று சக்கர சைக்கிளுக்கே அதைச் செய்திருக்கிறோம். வானத்தில் போகிற வண்டிக்குச் செய்யாமல் விடலாமா? இரண்டு பழமும் கொஞ்சம் குங்குமமும் எடுத்துக்கொண்டேன். என்ன இருந்தாலும் அது அவருடைய ஆசை, என் பங்குக்கு நானும் ஏதாவது செய்ய வேண்டும் என்றிருந்தது.

கொட்டகையில் அந்தோணி அண்ணன் காத்திருந்தார். முப்பது வருஷம் விமானப் பட்டறையில் இருந்து ஓய்வு பெற்றவர், குரலை உயர்த்தவே மாட்டார். வலது சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை கொடுத்தார். விமானத்தின் மூக்கு தரையில் குத்தாமல் இருக்க வாலில் இரண்டு மணல் மூட்டை தொங்கவிட்டார். பிறகுதான் இடது பக்க அச்சுக்கு அடியில் ஜாக்கியை வைத்துத் தூக்கினார்கள்.

"ஜாக்கில நிக்கறப்ப யாரும் எதையும் தொடக்கூடாதுலா, தங்கச்சி. சாஞ்சுகூட நிக்காதீங்க."

டயரில் இருந்த காற்றை முழுக்க இறக்கிய பிறகே ரிம்மைக் கழற்றினார். "காத்தோட கழட்டினா ரிம்மு ரெண்டா பொளந்து மூஞ்சிலயே அடிக்கும்" என்றார். எல்லாம் தெரிந்தவள் மாதிரி தலையாட்டினேன். கழற்றிய பழைய டயரை அச்சுக்கு நேர் கீழே தள்ளி வைத்தார். வேலை செய்த இடத்தில் இப்படிக் குப்பை போடுகிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.

ரிம்மில் புது டயரை ஏற்ற இருவரும் கொட்டகையின் கோடியில் இருந்த மேசைக்குப் போனார்கள். எனக்கு இதுதான் நேரம். வலது சக்கரத்துக்கு முன்னால் பழத்தை வைக்கப் போனால் அங்கே கட்டை இருக்கிறது. நல்ல காரியத்துக்குக் குறுக்கே கட்டை கிடக்கலாமா? இரண்டு கையாலும் இழுத்து எடுத்தேன். ஒன்றும் ஆகவில்லை. பின்னால் இருந்த கட்டை மட்டும் தனியாக நன்றாக இல்லை என்று அதையும் எடுத்து, இரண்டையும் சுவரோரம் ஒழுங்காக அடுக்கினேன். (நான் சுத்தக்காரி.) பழத்தை வைத்தேன், பொட்டு வைத்தேன், கண்ணை மூடி, 'சாமி, இந்த மனுஷனைப் பத்திரமா பாத்துக்க' என்று மனதாரக் கும்பிட்டு எழுந்தேன்.

எழுந்த இடத்தில் இறக்கை இருந்தது. மண்டை 'டங்'கென்று இடித்தது.

மழைத்தண்ணீர் ஓட அந்தக் கொட்டகைத் தரையை வாசல் பக்கம் சரித்துக் கட்டியிருக்கிறார்கள். விமானம் மெதுவாக நகர்ந்தது. எலுமிச்சம்பழம் அழகாக நசுங்கியது. ஜாக்கி சாய்ந்தது, இடது பக்கம் தடாலென்று இறங்கியது, இறக்கை நுனி இரும்புச் சாமான் பெட்டியில் மோதி ஒரு முழத்துக்கு விரிசல் விட்டது.

ஓடி வந்த என் வீட்டுக்காரர் விமானத்தைப் பார்க்கவே இல்லை. என் தலையை இரண்டு கையாலும் பிடித்தார்.

"எங்க பட்டுச்சு மீனா? ரத்தம் வருதா? காலு மாட்டிக்கலயே?"

"இல்லீங்க."

அந்தோணி அண்ணன் சுவரோரக் கட்டைகளைப் பார்த்தார். நசுங்கிய பழத்தைப் பார்த்தார். "முப்பது வருஷ சர்வீஸ்ல, கட்டைய எடுத்துட்டு எலுமிச்சம்பழத்த முட்டுக் குடுத்தத இன்னிக்கித்தான் பாக்கறேன்" என்றார்.

குற்றம் செய்தவள் அழ வேண்டும். நானோ அழுதுகொண்டே சண்டைக்குப் போனேன்.

"எல்லாம் உங்க டயரால வந்தது! நாலு வருஷம் அதே டயர்லதான பறந்தீங்க? நான் வர்றேன்னு சொன்னப்பதான் மாத்தணுமா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பதில் சொன்னது அந்தோணி அண்ணன்தான்.

"அந்த டயரு இன்னும் ஒரு வருஷம் தாங்கும்லா. நானே சொன்னேன். 'எனக்குன்னா போதும்ண்ணே, அவ ஏறப்போறா'ன்னு ஒரே பிடிவாதம்."

பதினோரு வருஷமாக நான் போட்ட சண்டையில் எப்போதோ ஜெயித்துவிட்டிருக்கிறேன், அது எனக்கு மட்டும் தெரியவில்லை. குங்குமக் கையோடு அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அந்தக் கறை இன்னும் போகவில்லை.

அச்சு நேராக அந்தப் பழைய டயர்மேல் விழுந்ததால் தப்பியது. (குப்பை என்று நினைத்தேன் அல்லவா!) இறக்கை நுனியைச் சரிசெய்ய இரண்டு மாதம் ஆயிற்று. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது நான்தான். அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏறினேன். மேலேயிருந்து செம்பனைத் தோட்டம் அழகாக இருக்குமாம். பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன், அதனால் உறுதியாகச் சொல்ல முடியாது.

இப்போதும் மாதம் ஒருமுறை போகிறோம். கிளம்புமுன் அவர் ஒரு பட்டியலைச் சத்தமாகப் படிப்பார். "பெட்ரோல்? பெல்ட்டு? கதவு?" கடைசியாக, "மீனா கை?" நான் இரண்டு கையையும் விரித்துத் தூக்கிக் காட்ட வேண்டும். இதை மகள் கல்யாண வீடுகளில் நடித்துக் காட்டுகிறாள். காரில் ஏறினால்கூட, "அம்மா, கை?" என்கிறாள்.

அதற்குப் பிறகு நடப்பது அவளுக்குத் தெரியாது. அவர் என் இடது கையை எடுத்துத் தன் மடியில் ஒரு நிமிஷம் வைத்துக்கொள்வார். அதன் பிறகுதான் என்ஜினைப் போடுவார். பட்டியலில் அது இல்லை.