தேதி பார்த்து வலிக்கும் முட்டி

தேதி பார்த்து நோயாளி ஆகிறவர் என்று ஒரு ரகம் உண்டு. உங்களுக்குத் தெரிந்தவர்தான். இவருக்கு நோய் உடம்பில் வருவதில்லை, நோட்டீஸ் போர்டில் வருகிறது. வேலைப் பட்டியல் ஒட்டப்படும், இவர் கூட்டத்துக்குள் தலையை நுழைத்துத் தன் பெயரைத் தேடிப் பிடிப்பார், பிடித்த நிமிஷமே இடுப்போ முதுகோ முட்டியோ சொல்லிவைத்தாற்போல் அவரைப் பிடித்துக்கொள்ளும். பட்டியலை மாற்றிப் பாருங்கள். வலி போய்விடும். இந்த ரகத்தை ஆபீஸிலும் பார்க்கலாம், கல்யாண வீட்டிலும் பார்க்கலாம். ஆனால் நன்றாக முற்றி விளைந்ததைப் பார்க்க வேண்டுமென்றால் பட்டாளத்துக்குத்தான் போக வேண்டும். மற்ற இடங்களில் வலிக்கிறது என்று சொன்னால் போதும். அங்கே நிரூபிக்க வேண்டும்.

அக்காள்மடம் என்ற கடற்கரை ஊர்ச் சகாயவினோத் அப்படி நிரூபித்தவர். ராணுவத்தில் நாயக், பதினான்கு வருஷ சர்வீஸ். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பனிமலைக் காவலுக்குப் போகிறவர்கள் பட்டியலில் ஏழாவதாக அவர் பெயர் வந்தது. மத்தியானம் சாப்பாட்டுத் தட்டோடு வரிசையில் நிற்கும்போது வலது கால் நொண்டியது.

ராணுவ டாக்டர்கள் ஒரு மனிதனை ஐந்து பாகமாகப் பிரித்து மார்க் போடுவார்கள்: மனசு, காது, கைகால், உடம்பு, கண். பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிர். எல்லாவற்றிலும் ஒன்று வாங்கியவன்தான் முதல் மாணவன். அவனுக்கு ‘ஷேப் ஒன்’ என்று பட்டம். எண் ஏற ஏற ஆள் இறங்குவான். சகாயவினோத் கைகாலில் மூன்று வாங்கினார். மூன்று வாங்கினால் மலை கிடையாது, ஓட்டம் கிடையாது, முதுகில் மூட்டை கிடையாது. ஸ்டோர் ரூமில் நாற்காலி போட்டுப் போர்வைகளுக்குக் காவல் இருக்கலாம்.

இதெல்லாம் சும்மா வந்துவிடுமா? ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபரிசோதனை உண்டு. அதற்கு முதல் நாளே லேசாகத் தாங்கி நடக்க ஆரம்பித்து, காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போது பக்கத்துக் கட்டில்காரனுக்குக் கேட்கிற அளவுக்கு மட்டும் முனகி, டாக்டர் அறையில் உட்காரும்போது மேஜை விளிம்பை ஒரு கையால் பிடித்து, அவர் முட்டியை அமுக்கியதும் உடனே கத்திவிடாமல் மனசுக்குள் ஒன்று, இரண்டு எண்ணி, பிறகு, “பரவாயில்ல சார், பொறுத்துக்கிருவேன்” என்று பல்லைக் கடிப்பார். கத்துகிறவனை டாக்டர்கள் நம்புவதில்லை. பொறுத்துக்கொள்கிறவனைத்தான் நம்புகிறார்கள். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லையே என்றால் அவர் கலங்குவதும் இல்லை. எக்ஸ்ரேயில் தெரிகிற வலியெல்லாம் சாதாரண ஜனங்களுடைய வலி.

லீவில் ஊருக்கு வந்தாலும் முட்டிக்கு லீவு கிடையாது. தண்ணீர் லாரி வந்தால் வலிக்கும். ரேஷன் கடைக்கு வலிக்கும். மனைவி ஷெரின் ஒரு நாள் கேட்டுவிட்டாள்.

“மாதா கோயில் திருவிழாவுக்குச் சப்பரம் தூக்குனீகளே, அன்னைக்கு மட்டும் வலிக்கலையாக்கும்?”

“அது மாதாவோட சக்தி” என்றார் சகாயவினோத். பக்தியில் கை வைத்தால் பெண்டாட்டி என்ன பேச முடியும்?

இப்படி நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தபோதுதான் இன்னொரு பட்டியல் வந்தது. ஐ.நா. அமைதிப் படைக்காக ஆப்பிரிக்காவுக்குப் போகிறவர்கள் வேண்டும். நீலத் தொப்பி, விமானப் பயணம், வெளிநாட்டு மெடல். ஷேப் ஒன் மட்டும் விண்ணப்பிக்கலாம்.

சகாயவினோத்தின் மனசு உங்களுக்குப் புரிய வேண்டும். அவர் தெருவில் பாதிப் பேர் துபாய், மஸ்கட் என்று போய், அட்டைப்பெட்டியும் அத்தருமாக வந்து இறங்குகிறவர்கள். தேசத்தையே காப்பாற்றுகிற தான் மட்டும் வருஷா வருஷம் அதே தகரப் பெட்டியோடு ஆட்டோவில் வந்து இறங்குவது அவரை அரித்துக்கொண்டே இருந்தது. மூன்று வருஷத்தில் ரிட்டயர்மெண்ட். இதை விட்டால் இன்னொரு விமானம் கிடையாது. ஷெரினிடம் சொன்னார், ஷெரின் தெருவுக்குச் சொன்னாள், யாரோ நீலத் தொப்பி போட்ட படம் ஒன்றைத் தேடி எடுத்து, அதில் அவர் முகத்தை ஒட்டி வாட்ஸ்அப்பிலும் போட்டுவிட்டார்கள். முட்டி குணமாவதைத் தவிர வேறு வழியில்லை.

மறுபரிசோதனை நாளன்று ஆஸ்பத்திரி பெஞ்சில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் காஜா நவாஸ். திருப்பாலைக்குடிக்காரர், அதே யூனிட். ஏழாவது பெயர் நொண்டியதும் அந்த இடத்துக்கு முறை வைத்து மலைக்குப் போய்வந்தவர் இவர்தான். போன மாதம் பனியில் இரண்டு கால்விரலைக் கொடுத்துவிட்டு இறங்கி வந்திருந்தார்.

“முட்டி எப்படி மாப்ள இருக்கு?” என்றார் நவாஸ்.

“தேவலாம்.”

“அங்கன இருந்தப்ப தொழுகையில உனக்குந்தான் துஆ கேப்பேன். எனக்காச்சும் குளுருதான். நீ வலியோட உக்காந்திருக்கியேன்னு நெனப்பேன்.”

சகாயவினோத்துக்குக் காது சூடானது. வெட்கம்தான், வேறொன்றுமில்லை. பக்கத்தில் இருந்த கால்களில் எட்டு விரல். தன் கால்களில் பத்து. நல்லவேளையாக உள்ளேயிருந்து அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். இந்த ரகத்தினருக்கு வெட்கம் வரும், ஆனால் பெயர் கூப்பிட்டால் போய்விடும்.

உள்ளே இருந்தவர் மேஜர் கோகிலா. கடலாடிக்காரர். நம்ம மாவட்டம் என்று சகாயவினோத் குளிர்ந்தார். அங்கேதான் சனி பிடித்தது.

“உங்க ஃபைலப் பாத்தா நீங்க நடந்து வந்ததே ஆச்சரியமா இருக்கு” என்றார் மேஜர்.

“இப்ப சுத்தமா வலி இல்ல மேடம்.”

உட்கார்ந்து எழச் சொன்னார். பத்துக் கேட்டால் இருபது போட்டார். ஒற்றைக்காலில் குதிக்கச் சொன்னார். நிறுத்தச் சொல்லும்வரை குதித்தார். மேஜர் ஃபைலைப் புரட்டிவிட்டு, “இன்னைக்கு நல்லா இருக்கு. ஆனா ரெண்டு வருஷத்து வலி. எதுக்கும் இன்னும் ஆறு மாசம் பாத்துட்டு ஒன்னு போடுறேன்” என்றார்.

ஆறு மாதத்தில் விமானம் போய்த் திரும்பியே வந்துவிடும். ஆத்திரத்தில் சகாயவினோத் போனை எடுத்தார். “மேடம், இதப் பாருங்க. எங்க ஊரு சப்பரம். முன்பக்கத் தண்டு, வலது தோளு, நாந்தான்.”

மேஜர் ஆவலாகத்தான் பார்த்தார். “எப்ப எடுத்தது? முட்டி வலி வாரதுக்கு முன்னாடியா?”

“இல்ல மேடம். போன செப்டம்பர்.”

ஃபைலில் செப்டம்பர் பக்கம் திறந்தது. முட்டி வலிக்காக வீட்டில் ஒரு மாத ஓய்வு. கட்டிலை விட்டு அதிகம் இறங்கக் கூடாது. எழுதியிருந்ததை மேஜர் இரண்டு தடவை படித்தார். ஊர்ப் பாசமோ என்னவோ, தப்பிக்க ஒரு சந்து விட்டார்.

“கூட்டத்துல பேருக்குத் தண்டத் தொட்டுக்கிட்டு நடந்து வருவாகல்ல, அந்த மாதிரியா?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை. வேறு எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சொல்லித் தப்பித்திருப்பார். ஆனால் சகாயவினோத்தின் தெருவில், தோள் கொடுக்காமல் தண்டை வெறுமே தொட்டுக்கொண்டு வருகிறவனுக்குப் பெயர் ‘தொட்டான்’. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஒரே ஒருமுறை, கையில் காயம் என்று அப்படி நடந்து வந்தவர் இன்றைக்கும் தொட்டான் ஜெபமாலை. கூரியர்காரன்கூடத் தொட்டான் வீடு எது என்றுதான் விசாரிக்கிறான். ராணுவ விசாரணையாவது ஒரு நாள் முடியும். தொட்டான் முடியவே முடியாது.

“தொட்டுக்கிட்டா?” சகாயவினோத் நிமிர்ந்தார். “என்ன மேடம் இப்படிக் கேட்டுட்டீக. கோயில்ல இருந்து கடக்கரை வரைக்கும், திரும்பக் கடக்கரையில இருந்து கோயில் வரைக்கும். தோளு மாத்தல. ஊருல யார வேணும்னாலும் கேளுங்க.”

“கேக்க வேண்டாம். நம்புறேன்” என்றார் மேஜர். எழுத ஆரம்பித்தார். கைகால்: ஒன்று. “ஷேப் ஒன். இனி எந்த வேலைக்கும் லாயக்கு.”

“அப்ப ஆப்பிரிக்கா, மேடம்?”

“லாயக்கா இல்லையான்னு சொல்றதுதான் என் வேலை. எங்க அனுப்பணும்னு உங்க யூனிட் பாத்துக்கும். சப்பரத்தப் பத்தியும் ரெண்டு வரி எழுதியிருக்கேன். படிப்பாக.”

படித்தார்கள். ஆப்பிரிக்கப் பட்டியலில் அவர் பெயருக்கு மேல் ஒரு கோடு விழுந்தது. பனிமலைப் பட்டியலில் காஜா நவாஸ் விட்டு வந்த இடம் காலியாக இருந்தது. ஷேப் ஒன் ஆள் ஒருவர் தேவைப்பட்டார். ஒருவர் இருந்தார்.

புறப்படுகிற அன்று காலையில் படியிறங்கும்போது சகாயவினோத்தின் வலது முட்டி சுருக்கென்றது. நடிப்பில்லை, நிஜமாகவே வலித்தது. யாரிடம் போய்ச் சொல்வார்? லாரி அருகே காஜா நவாஸ், எட்டு விரலில் தாங்கித் தாங்கி வந்து, கம்பளியில் பின்னிய முட்டி உறை ஒன்றைக் கையில் திணித்தார். “அங்கன அவுங்க தர்றது பத்தாது மாப்ள. உனக்கு வேற முட்டி சரியில்ல.” சகாயவினோத் வாங்கிக்கொண்டார்.

சிரித்தீர்கள். நல்லது. போன வாரம் கேஸ் சிலிண்டரை மாடிக்கு ஏற்ற வேண்டியிருந்தபோது உங்கள் இடுப்பு பிடித்துக்கொண்டதே, இப்போது எப்படி இருக்கிறது? ஆபீஸில் வருஷக் கடைசி வேலை வந்தபோது காய்ச்சலாகக் கிடந்தீர்களே, விட்டதா? எனக்கு உங்கள் மேல் சந்தேகமெல்லாம் இல்லை. ஆனால் அந்தச் சிலிண்டர் தானாக மாடி ஏறியிருக்காது. ஏற்றியவர் யார் என்று ஒரு தடவை விசாரியுங்கள். அவர் உங்களை விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறார், பாவம், இடுப்பு தேவலையா என்று.