ஒத்த பீர் டின்னும் ஒரு லாரி திராட்சையும்

நேத்து எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலைதான். ஒரு பீர் டின்ன குளிர வைக்கணும்.

துபாய்ல இருந்து லீவுக்கு வந்த பங்காளி கொடுத்த டின்னு. "அங்கன இருக்கதுலயே இதுதான்டா சீப்பு"ன்னு உண்மையையும் சேர்த்தே சொல்லிட்டான். நமக்கென்ன? டின்னு மேல புரியாத எழுத்துல என்னமோ போட்டிருந்துச்சு. அது போதாதா!

உடனே ஒரு போட்டோ. "இன்னைக்கு சாயங்காலம் குடிச்சுப் பாத்து டேஸ்ட் சொல்றேன் மக்களே!"ன்னு நம்ம பேஜ்ல போட்டேன். வீட்டம்மா என்னைய பிளாக் பண்ணி ரொம்ப நாளாச்சு. பயமில்ல.

ஆனா வீட்டு ஃப்ரிட்ஜுல வைக்க முடியாது. மாமியார் வந்திருக்காக. ஜெபமால கையில இருந்தாலும் கண்ணு பூராம் ஃப்ரிட்ஜு மேலதான்.

அப்பத்தான் என் மூளை வேலை செஞ்சது. அது வேலை செஞ்சாலே ஆபத்துதான்.

பொண்டாட்டியோட அண்ணன், அருளப்பன் மச்சான், ஓடைப்பட்டியில திராட்சைக்குன்னு ஒரு குளிர்ரூம் வச்சிருக்காரு. மனுசன் டீ கூட குடிக்க மாட்டாரு. நான் சின்னமனூர்ல உரக்கடை வச்சிருக்கதால, "பூச்சிமருந்து அடிச்சது எப்பிடி இருக்குன்னு பழத்தப் பாக்க வந்தேன் மச்சான்"னு உள்ள போயிட்டேன். மூலையில அடுக்கியிருந்த அட்டைப்பெட்டி ஒண்ணுல, திராட்சைக் கொலைக்கு அடியில டின்ன சொருகிட்டு, நல்ல பிள்ளையா டீக்கடைக்கு வந்துட்டேன்.

ஒரு பஜ்ஜியத் தின்னுட்டுத் திரும்பி வந்து பாத்தா, மூலை காலி!

"அந்தப் பெட்டியெல்லாம் எங்க?"

லோடு ஏத்துற அக்கா சொன்னாக: "வண்டிக்கு லோடு கொஞ்சம் பத்தல தம்பி. அதையும் ஏத்திட்டோம்."

"எந்த வண்டி?"

"கோட்டயம் வண்டி."

எனக்கு வேர்த்துருச்சு. குளிர்ரூமுக்குள்ள நின்னுக்கிட்டு வேர்த்த ஒரே ஆளு நாந்தான்.

கேரளா எல்லையில, குமுளி செக்போஸ்ட்ல பெட்டியப் பிரிச்சாய்ங்கன்னா? பழத்துக்கடியில சரக்கு! வண்டிய நிறுத்திப் போட்டா பழம் அம்புட்டும் போச்சு. மச்சானோடது மட்டுமா, ஊர்க்காரக பழமும் அதுலதான் போகுது.

பைக்க எடுத்து முறுக்கிக்கிட்டே டிரைவர் முருகேசு அண்ணனுக்கு போன் போட்டேன். லாரி உத்தமபாளையம் தாண்டுன பெறகுதான் எடுத்தாரு.

"அண்ணே, வண்டிய நிறுத்துங்க! மலை ஏறிராதீக!"

"ஏப்பா, என்னாச்சு?"

பீருன்னு சொல்ல வாய் வரல. பதட்டத்துல உரக்கடைக்காரன் வாய் வேற என்னத்தச் சொல்லும்?

"பெட்டிக்குள்ள மருந்து கெடக்குண்ணே!"

அம்புட்டுத்தான். லைன் கட்டு.

நான் கூடலூர் போய்ச் சேர்றதுக்குள்ள சேதி எனக்கு முன்னாடி போய்ச் சேந்துருச்சு. முருகேசு அண்ணன் மச்சானுக்குப் போன் போட்டு, "உங்க மாப்ள பழத்துல வெசத்தப் போட்டுட்டாராம்"னு சொல்லியிருக்காரு!

ரோட்டோரம் தென்னந்தோப்புல லாரி நிக்குது. பெட்டியெல்லாம் தரையில. பின்னாடியே ஒரு ஜீப்பு. மச்சான் இறங்குறாரு. கூடவே பழத்துக்குச் சொந்தக்காரக நாலஞ்சு பேரு. ஒருத்தர் தலையில கையை வச்சு அங்கனயே உக்காந்துட்டாரு.

"என்ன மருந்து மாப்ள? பேரச் சொல்லு!" மச்சான் கத்துறாரு.

தலையில கை வச்சவரு உக்காந்திருந்த இருப்பப் பாத்ததும் எனக்கு விளையாட்டெல்லாம் போயிருச்சு.

"மருந்தில்ல மச்சான். பீரு."

"எத்தன பெட்டியில?"

"ஒத்த டின்னு."

 எல்லாரும் ஒண்ணா பேசுனாக. அதையெல்லாம் இங்கன எழுத முடியாது.

அடையாளம் வச்சியான்னு கேட்டாக. வைக்கல. எல்லாப் பெட்டியும் ஒண்ணு போல இருக்கு. ஒவ்வொண்ணா பிரிச்சு, கொலையத் தூக்கிப் பாத்து, கடேசியில டின்னக் கண்டுபிடிச்சது மச்சான்தான். எனக்கு ஓடி ஒளியணும் போல இருந்துச்சு.

டின்னத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "இதுக்காகத்தான் இம்புட்டு பேரும் வந்தமா? குடி. எங்க முன்னாடி குடி. எப்பிடி இருக்குன்னு சொல்லு."

லாரியில குலுங்கி வந்த டின்னு. எனக்கு அது ஞாபகம் இல்ல. டப்புன்னு திறந்தேன்.

புஸ்ஸ்ஸ்!

மூஞ்சி, மூக்கு, சட்டை, மச்சானோட வெள்ள வேட்டி! பாதி பீரு தென்னமரத்துக்குப் போச்சு. தலையில கை வச்சிருந்தவரு முதல்ல சிரிச்சாரு. அப்பறம் ஒருத்தராலயும் நிறுத்த முடியல. மச்சான் வேட்டிய உதறிக்கிட்டே சிரிக்காரு!

அடியில மிச்சமிருந்தத ஒரு மடக்குக் குடிச்சேன். எல்லாரும் என் வாயவே பாக்காக.

"எப்பிடிய்யா இருக்கு?"

"நீராகாரத்துல சோடாவ ஊத்துன மாதிரி இருக்கு."

"இதுக்கா?"ன்னு கேட்டுட்டு மச்சான் ஜீப்புல ஏறி உக்காந்துக்கிட்டாரு. "பெட்டிய ஒட்டி ஏத்திவிட்டுட்டு வா. கொலை நசுங்கக் கூடாது."

ஒத்தையில ஏத்துனேன். முதுகு விட்டுப்போச்சு. வண்டி பத்திரமா மலையேறிருச்சு.

வீட்டு வாசல்ல மாமியார் மோந்து பாத்தாக. "குடிச்சிருக்கீகளா மாப்ள?"

"இல்லத்தே, குளிச்சிருக்கேன்."

பேஜ்ல எல்லாரும் டேஸ்ட் எப்பிடின்னு கேட்டுக்கிட்டே இருக்கீக. டேஸ்ட் கெடக்கட்டும் மக்களே, இறக்குமதி சரக்குன்னா என்னன்னு இப்பத்தான் புரிஞ்சது: அம்புட்டு சரக்கையும் இறக்கி, திரும்ப நாமளே ஏத்தணும்.